வட்டுக்கோட்டையில் வெறும் பாத்திக்கு இறைத்த தண்ணீர்

பருத்தித்துறையிலிருந்து வட்டுக்கோட்டைக்குச் சைக்கிளில் போகலாமா, எவ்வளவு நேரம் எடுக்கும் என்று இந்தப் பக்கத்தை வாசிக்கிற இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். போகலாம். நான் போயிருக்கிறேன். தொண்ணூற்று நான்காம் ஆண்டு, மாசி மாதம் பிறந்த கையோடு. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. வேலை கிடையாது. ஓரிடத்தில் இருக்கவும் முடியாது.

ஊர் பார்க்கப் போகவில்லை. வட்டுக்கோட்டைப் பக்கம் கலியாணம் செய்து போன என் அக்கா கடிதம் எழுதியிருந்தாள். "அத்தான் இன்னும் வெங்காயம் நடவில்லை. தோட்டத்துக்குப் போகிறார், வருகிறார். நடவில்லை. விதை வெங்காயம் முளைக்கத் தொடங்கிவிட்டது. நீ வந்து ஒருக்கால் கதைத்துப் பார்." அவ்வளவுதான் கடிதம்.

என்ன நடந்தது என்பது பாதி எனக்குத் தெரியும். முந்தைய கார்த்திகைத் தொடக்கத்தில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. வழுக்கையாறு கரை மீறி அவர்களுடைய தோட்டத்துக்குள் வந்தது. யாழ்ப்பாணத்தில் ஆறே இல்லை என்று படித்தவர்களுக்குச் சொல்கிறேன்: அது மாரியில் மட்டும் ஓடுகிற ஆறு. மற்ற மாதங்களில் அதற்குள் மாடு மேயும். மேய்ந்த இடம் ஒரு வாரம் ஆறாகிவிட்டால், கரையில் இருக்கிறவர்கள் பாடு சொல்லத் தேவையில்லை. அத்தான் நட்டிருந்த வெங்காயம் முழுவதும் அழுகிப்போனது. சரி, அழுகிவிட்டது. தை பிறந்து தண்ணீர் வடிந்த பிறகு திரும்ப நட வேண்டியதுதானே? அதுதான் என் எண்ணம். போய் நாலு வார்த்தை உறைப்பாகச் சொன்னால் மனிதர் எழும்பிவிடுவார் என்று நினைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

சைக்கிளின் பின் கரியரில் மூன்று போத்தல் மண்ணெண்ணெய். பொருளாதாரத் தடைக் காலம். ஒரு போத்தல் நூற்று இருபது ரூபாய். அதுவும் தெரிந்த ஆள் என்பதால். தோட்டத்துத் தண்ணீர் மெஷின் அதில்தான் ஓடும் என்பதால் அக்கா வீட்டுக்கு அதைவிடப் பெரிய சீர்வரிசை வேறு கிடையாது. பழைய சாரத்தைக் கிழித்து ஒவ்வொரு போத்தலுக்கும் சுற்றி, ஒன்றோடொன்று முட்டாமல் கட்டினேன்.

காலை ஐந்தேகாலுக்குப் பருத்தித்துறைச் சந்தையடியை விட்டேன். மீன் வந்து இறங்கவில்லை. நாய்கள் மட்டும் வந்திருந்தன. மந்திகை தாண்டி நெல்லியடிக்கு ஐந்து ஐம்பது. அங்கே ஒரு தேத்தண்ணி, மூன்று ரூபாய் ஐம்பது சதம். சீனி தனியாகக் கையில் தருவார்கள், நக்கிக்கொண்டு குடிக்க வேண்டும். வல்லை வெளியை ஆறேகாலுக்குத் தொட்டேன். அந்த வெளியில் மறைவு எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் தண்ணீரும் சேறும், நடுவில் றோட்டு. மாசியில் காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும். போகும்போது முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல இருக்கும். நான் மிதிக்காமலே கொஞ்சத் தூரம் போனேன். முன்னுக்கு, பெற்றோல் இல்லாததால் மண்ணெண்ணெயில் ஓடிய ஒரு கார் புகையைக் கக்கிக்கொண்டு போனது. அந்தப் புகை மணம் இன்றைக்கு எங்கேயாவது மூக்கில் பட்டால் நான் நின்றுவிடுகிறேன். கண் எரியும், தொண்டை கரகரக்கும், ஆனாலும் நிற்பேன். அதற்குள் அந்த வருடங்கள் முழுவதும் இருக்கின்றன.

நீர்வேலியில் ஏழு இருபதுக்குப் பின் சில்லுக்குக் காற்றுப் போனது. ஒட்டுகிற அண்ணை சைக்கிளைத் தலைகீழாக்கப் போனவர் போத்தல்களைக் கண்டு நின்றார்.

"உதென்ன தம்பி, சாராயமோ?"

"மண்ணெண்ணெய் அண்ணை."

"அப்ப சாராயத்தைவிடத் திறம். அவிழ்த்து என்ரை காலுக்குள்ளை வை. றோட்டிலை வைச்சியெண்டா கும்பிட்டு எடுத்துக்கொண்டு போவினம்."

பன்னிரண்டு ரூபாய். வாழைத்தோட்டங்கள் கிழிந்த இலைகளோடு நின்றன. "வெள்ளமோ?" என்று கேட்டேன். "வெள்ளம் பள்ளத்துக்கு. எங்களுக்குக் காத்து," என்றார். அவரவர்க்கு அவரவர் பங்கு.

கோப்பாயில் மேற்கே திரும்பினேன். உரும்பிராய், இணுவில், மானிப்பாய். வலிகாமத்துச் செம்மண் காலை வெயிலில் செங்கல் உடைத்துப் பரப்பினதுபோல் கிடக்கும். பாத்தி பாத்தியாக வெங்காயம், ஒரு முழம் இடம் சும்மா கிடையாது. சண்டிலிப்பாய் தாண்டியதும் மண் நிறம் மாறிச் சாம்பல் கலக்கிறது, நிலம் இறங்குகிறது. சித்தங்கேணியில் இடப்பக்கம் திரும்பி, அக்கா வீட்டுப் படலையில் சைக்கிளைச் சாத்தியபோது பத்து முப்பத்தைந்து. மொத்தம் நாற்பத்திரண்டு கிலோமீற்றர். ஒட்டுப்போட்ட நேரத்தைக் கழித்தால் நாலு மணித்தியாலம் நாற்பது நிமிடம்.

அத்தானைப் பார்த்ததும் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. மெலிந்து, தாடி வளர்த்து, ஒரு மூலையில் குந்தியிருப்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். மனிதர் சவரம் செய்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"வா தம்பி. காத்துப் பின்னாலையோ அடிச்சது?"

"ஓம் அத்தான். தள்ளிக்கொண்டு வந்து விட்டது."

"திரும்பிப் போகேக்கை தெரியும் உனக்கு," என்று சிரித்தார்.

அம்மாவின் முழங்காலைப் பற்றிக் கேட்டார். பருத்தித்துறையில் மீன் என்ன விலை என்று கேட்டார். எல்லாவற்றையும் பற்றிக் கதைத்தார். தலைக்கு மேலே, கொட்டில் கூரையைத் தாங்கும் வளை மரத்தில் பிடி பிடியாகக் கட்டித் தொங்கிய விதை வெங்காயத்தை மட்டும் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அதில் பச்சை முளைகள் ஒரு விரல் நீளத்துக்கு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. அக்கா ஒரு வெங்காயத்தைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்து அமத்தினாள். உள்ளே பாதி காற்று.

"இன்னும் ஒரு கிழமை போனா உது கறிக்கும் உதவாது. இதை விட்டா வேற விதை வாங்க எங்களாலை ஏலாது. தோட்டம் ஒரு வருசம் சும்மா கிடந்தா பிறகு அது தோட்டமே?" என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு முகில் வெயிலை மறைத்தது. மழை முகில்கூட இல்லை. அத்தான் பாதிச் சோற்றில் கையைக் கழுவினார், மண்வெட்டியை எடுத்தார், போய்விட்டார். நானும் அக்காவும் பின்னால் போனோம். தோட்டம் வீட்டுக்குப் பின்னால் இருநூறு மீற்றர் தூரம். முப்பத்திரண்டு பாத்தி, எல்லாம் வெறுமை, ஆனால் புல்லுப் பிடுங்கித் துப்புரவாக இருந்தது. பக்கத்துக் காணிக்கும் இதற்கும் இடையில் ஒரு சாண் உயர வரம்பு போகிறது. அந்த வரம்பில் ஓரிடம் மட்டும், ஆள் படுக்கிற நீளத்துக்கு, என் இடுப்பளவு உயர்ந்து நின்றது. அத்தான் அதன் மேல் இன்னும் மண் வெட்டிப் போட்டார். மண்வெட்டியின் பின்பக்கத்தால் அடித்தார். திரும்பவும் போட்டார். வெயில் வந்தும் நிறுத்தவில்லை. கூப்பிட்டேன், காது கேட்கவில்லை.

"உதென்னக்கா, அந்த ஒரு இடத்திலை மட்டும் மண் போடுறார்?"

"அதுதான் இப்ப அவரின்ரை வேலை," என்றாள் அக்கா. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பின்னேரம் அன்னமக்கா வந்தார். வெங்காயம் நடுகிற, புல்லுப் பிடுங்குகிற கூலி வேலைக்கு அந்தப் பகுதி முழுக்கப் போகிறவர். படலைக்கு உள்ளே இரண்டு அடி வந்து நின்றார்.

"பிள்ளை, நடுகை இருக்கோ?"

"இன்னும் இல்லை அன்னமக்கா."

"கேக்கத்தானே வேணும், அதுதான் வந்தனான்."

அக்கா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். எங்களுக்கு மூக்கு வைத்த பித்தளைக் குவளை, மூக்குப்பேணி. அவருக்கு வேலியோரம் கவிழ்த்துக் கிடந்த பழைய பால்மாத் தகரப் பேணி. குடித்துவிட்டு அவரே கழுவி அங்கேயே கவிழ்த்து வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதை அடக்கிக்கொண்டு, நிவாரணம் கிடைத்ததா என்று கேட்டேன். சிரித்தார்.

"வெள்ளம் எனக்கும்தான் வந்தது தம்பி. பட்டியல் எழுத வந்தவை, 'உனக்கு எத்தினை பாத்தி அழிஞ்சது' எண்டு கேட்டினம். எனக்கு எங்காலை பாத்தி? கூலிதான் அழிஞ்சது. அதுக்கு அவையின்ரை பேப்பரிலை இடமில்லையாம்."

அன்றைக்கு நான் அத்தானோடு கதைக்கவில்லை. நாளைக்கு, விடிந்ததும், நேருக்கு நேராக என்று முடிவெடுத்துக்கொண்டு படுத்தேன்.

காலை ஐந்து நாற்பதுக்கு மெஷின் சத்தம் எழுப்பியது. அந்தக் காலத்தில் மெஷின் ஸ்ராட் பண்ணுவதே ஒரு பூசை. ஊசிமருந்துக் குழலால் ஐந்தாறு சொட்டுப் பெற்றோல் விட்டுக் கயிறு இழுத்து, பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நான் தோட்டத்துக்கு ஓடினேன். அத்தான் நட வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

கிணற்றடியில் நின்றது அத்தான் இல்லை. பக்கத்துக் காணிக்காரர் சிவபாதமண்ணை. நாற்பத்தைந்து வயதிருக்கும், கட்டை உருவம், கரகரத்த குரல். தண்ணீர் வாய்க்காலால் ஓடி அத்தானின் பாத்திகளுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒரு முளை, ஒரு இலை இல்லாத வெறும் மண்ணுக்குள். சிவபாதமண்ணை மண்வெட்டியோடு நின்று, ஒரு பாத்தி நிறைந்ததும் அதை அடைத்து அடுத்ததற்குத் தண்ணீரைத் திருப்பிக்கொண்டிருந்தார், ஏதோ அங்கே பயிர் நிற்கிறதுபோல. கிணற்றடியில் என் போத்தல் ஒன்று காலியாகக் கிடந்தது.

"அண்ணை, என்ன செய்யிறியள்?"

"தெரியேல்லையே? தண்ணி மாறுறன்."

"வெறும் தறைக்கோ?"

"இண்டைக்குக் குணத்தின்ரை முறை." குணம் என்பது அத்தான். அந்தக் கிணறு நாலு பேருக்குப் பங்கு. ஆளுக்கு ஒரு நாள் இறைப்பு. நாலு நாளுக்கு ஒருமுறை திரும்ப வரும். வலிகாமத்தில் பங்குக் கிணறு என்றால் இப்படித்தான். காணி உறுதியில்கூட முறை எழுதியிருக்கும்.

"அவர் ஒண்டும் நடேல்லையே!"

"நடாட்டி? முறை முறைதானே."

"அங்காலை உங்கடை வெங்காயம் வாடிப்போய் நிக்குது. நான் நாற்பது கிலோமீற்றர் உழக்கிக் கொண்டு வந்த எண்ணெய், அதை வெறும் மண்ணுக்கு ஊத்திறியளே!"

"உன்னட்டை ஆர் வாங்கினது? கொக்கா தந்தவ." கொக்கா என்றது என் அக்காவை. நிமிர்ந்து நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "பருத்தித்துறையிலை வெங்காயம் கடலுக்குள்ளையோ நடுறவை?"

அந்த நேரம் மெஷின் இருமத் தொடங்கியது. மண்வெட்டியை வரம்பில் குத்தி வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். நான் நின்றேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. மண்ணெண்ணெய்க்காக வரிசையில் நின்று அடிபடுகிற சனத்தை நினைத்தேன். மூடத்தனம், முறை என்ற பெயரில் நடக்கிற இன்னொரு மூடத்தனம் என்று நினைத்தேன். மண்வெட்டியை இழுத்தெடுத்து, அந்தக் குவியலுக்கு நாலடி இங்காலே, வரம்பை வெட்டிவிட்டேன். நாலு வெட்டு. தண்ணீர் அத்தானின் காணியிலிருந்து சிவபாதமண்ணையின் வெங்காயத்துக்குள் பாய்ந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது. அந்தத் திருப்தியை நினைத்தால் இப்போதும் வெட்கம்.

"அடை! அடை! அங்காலை போகுது!"

அத்தான் வேப்பங்குச்சியோடு தோட்டத்துக்கு வந்தவர், அதை எறிந்துவிட்டு ஓடி வந்தார். என்னைப் பார்க்கவில்லை. முழங்காலில் விழுந்து இரண்டு கையாலும் சேற்றை அள்ளி வெட்டுக்குள் திணித்தார். தண்ணீர் விரலுக்குள்ளால் போனது. திரும்ப அள்ளினார். "பொயிலை போகுது, அவரின்ரை பொயிலை போகுது," என்றார். அந்தப் பக்கம் புகையிலை இல்லை, வெங்காயம்தான் நின்றது. நான் மண்வெட்டியைப் பிடித்தபடி மரம்போல நின்றேன்.

அக்கா ஓடி வந்தாள். "என்னடா செய்தனி! என்னடா செய்தனி!" என்று என் தோளில் அடித்தாள். அந்த மூச்சோடே மற்றப் பாதியையும் சொல்லிவிட்டாள். வெள்ளத்தன்று அத்தான் தன் வெங்காயத்தைக் காப்பாற்ற இப்போது குவியல் நிற்கிற இடத்தில் வரம்பை வெட்டியிருக்கிறார். தண்ணீர் பள்ளத்துக்குப் போகும் என்று பார்த்தார். அது பக்கத்துக் காணிக்குள் போய், சிவபாதமண்ணை நட்டிருந்த ஆறாயிரம் புகையிலைக் கன்றையும் வேரோடு அள்ளிக்கொண்டு போய்விட்டது. அடுத்த நாள் ஆறு முழுதாக ஏறி அத்தானின் வெங்காயத்தையும் எடுத்தது. அன்றிலிருந்து அத்தானுக்கும் அவருக்கும் கதை பேச்சு இல்லை.

"ஏன் எனக்கு எழுதேல்லை?"

"எப்பிடி எழுதுறது? களவெடுத்தவர் எண்டு எழுதுற மாதிரியெல்லோ அது!"

சிவபாதமண்ணை மெஷினை நிறுத்தாமலே வந்தார். வெட்டைப் பார்த்தார். சேற்றுக்குள் இருந்த அத்தானைப் பார்த்தார். என் கையிலிருந்த மண்வெட்டியைப் பார்த்தார்.

"உன்ரை மச்சான் சண்டியன்தான். வந்து ஒரு நாளிலை வரம்பு வெட்டிப்போட்டான். குணம், கையை எடு."

அத்தான் எடுக்கவில்லை. "அண்ணை, நான் அடைச்சுப் போடுறன். இந்தா அடைச்சுப் போடுறன்."

"அடைக்காதை. எனக்குத் தண்ணி வேணும்."

"உங்கடை பொயிலை..."

"பொயிலை போயிட்டுது. போய் மூண்டு மாசமாச்சு. இப்ப நிக்கிறது வெங்காயம், அது தண்ணியில்லாமல் வாடுது. அண்டைக்கு வேண்டாம் எண்டு கத்தினனான், நீ வெட்டினாய். இண்டைக்கு வேணும் எண்டுறன், அடைக்கிறாய். உனக்கு எப்பவும் மாறித்தானோ?"

அத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

"விடடா குணம். ரெண்டு பாத்திக்குப் போகட்டும்."

அத்தான் கைகளை எடுத்தார். தண்ணீர் கலங்கலாகப் போய் வாடி நின்ற வெங்காயத்தின் அடியைப் பிடித்தது. நாங்கள் நாலு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மெஷின் அடித்துக்கொண்டிருந்தது. முதல் பாத்தி நிறைந்தது. இரண்டாவது நிறைந்தது.

"காணும். இப்ப அடை," என்றார் சிவபாதமண்ணை. "தம்பி, மண்வெட்டியை அவனிட்டைக் குடு. நீ பிடிக்கிற பிடியைப் பாத்தா உன்ரை காலை வெட்டிப்போடுவாய்."

அத்தான் வாங்கினார். நாலு வெட்டு மண் போட்டார். பின்பக்கத்தால் இரண்டு தரம் தட்டினார். வரம்பு ஒரு சாண் உயரம் வந்ததும் கை ஓங்கினபடி நின்றார். அவர் இன்னும் போடப் போகிறார் என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் மண்வெட்டியை இறக்கினார்.

பிறகு, மீதித் தண்ணீரைத் தன் பாத்திகளுக்கு அவரே மாறினார். ஏழு நாற்பது வரை. வெறும் பாத்திகள்தான். இப்போது நான் வாய் திறக்கவில்லை.

தேத்தண்ணி குடிக்கும்போது சிவபாதமண்ணையிடம் மன்னிப்புக் கேட்டேன். அதை அவர் பொருட்படுத்தவில்லை. வெறும் நிலத்துக்கு ஏன் இறைத்தீர்கள் என்று திரும்பவும் கேட்டேன், இந்தமுறை கேட்பதற்காக. பெரிய மனதுக்காரர்போல அவர் பேசவில்லை.

"முறையை விட்டா மற்றவன் பிடிப்பான். பிடிச்சவன் லேசிலை விடான். பிறகு கோடு கச்சேரி, வழக்கு, வெட்டுக்குத்து. அதாலை நாங்கள் மூண்டு பேரும் மாறி மாறி ஒவ்வொரு முறையும் பேருக்கு நாலு பாத்தி நனைச்சு விடுறனாங்கள். இண்டைக்குக் கொக்கா முழு எண்ணெயும் தந்தா, முழுக்க இறைச்சன்." கொஞ்சம் நிறுத்தினார். "மற்றது, ஈரத்தைக் கண்டால் தோட்டக்காரனுக்குக் கை அரிக்கும். அரிக்கட்டும் எண்டுதான். உவன் வந்து பிழை விட்டிட்டன் எண்டு சொல்லுவான் எண்டு பாத்தன். மூண்டு மாசமா மண்ணைத்தான் குவிச்சான், விசரன்."

அடுத்த முறை வரை, நாலு நாள் தங்கினேன். இரண்டாம் நாள் அத்தான் கொட்டில் வளையிலிருந்து ஒரு பிடியை இறக்கி அவிழ்த்தார். திரும்பக் கட்டித் தூக்கிவிட்டார். மூன்றாம் நாள் ஐந்து பிடி இறக்கினார். அக்கா ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் இருந்து வெங்காயக் கோதுகளை நீக்கினாள். மாலையில் அன்னமக்கா வீட்டுக்கு என்னை அனுப்பினார்கள்.

நாலாம் நாள் விடிய ஆறு மணிக்கு அன்னமக்காவும் இன்னும் இரண்டு பெண்களும் வந்தார்கள். அத்தான் ஈரப் பாத்தியைக் கொத்திப் பதப்படுத்திக் கொடுக்க, அவர்கள் குந்தியிருந்து நாலு விரல் இடைவெளியில் அமத்தி அமத்திப் போனார்கள். நான் கடகம் சுமந்தேன். பத்து மணிபோல ஒரு முகில் வந்தது. அத்தான் நிமிர்ந்தார். மண்வெட்டியோடு அந்தக் குவியலை நோக்கி நடந்தார். பெண்கள் நடுகையை நிறுத்திவிட்டார்கள். அவர் போய் அதன் மேல் காலை வைத்து அமத்தினார். நின்றார்.

அன்னமக்கா குரல் கொடுத்தார்: "வானம் பாத்தது காணும், இஞ்சை வந்து பாத்தியைப் பாருங்கோ! எங்களுக்கு வெயில் ஏறுது!"

அத்தான் திரும்பி வந்தார். மண் போடவில்லை.

முப்பத்திரண்டு பாத்தியில் பத்தொன்பதுதான் நட முடிந்தது. மீதி விதை உள்ளே செத்துப்போயிருந்தது. வரம்போரத்துப் பாத்திகளை அவர் நட விடவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வேலை முடிந்து தேத்தண்ணி வந்தபோது அன்னமக்காவுக்கு அதே பால்மாப் பேணி. நான் அக்காவைப் பார்த்தேன். "இண்டைக்குத் தொடங்காதை," என்றாள். தொடங்கியிருக்க வேண்டும். பக்கத்துக் காணிக்காரனின் வெறும் பாத்திக்கு முறை தவறாமல் தண்ணீர் இறைக்கத் தெரிந்த ஊருக்கு, ஒரு பேணியை மாற்றத் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். ஒன்றை விட்டு மற்றதை எழுதினால் பொய்.

திரும்பும்போது எதிர்க்காற்று. காலை ஐந்தரைக்குப் புறப்பட்டு, வல்லை வெளியில் இறங்கித் தள்ளிக்கொண்டு போய், பருத்தித்துறைக்கு மத்தியானம் பன்னிரண்டே முக்கால். ஏழே கால் மணித்தியாலம். அந்த வெளியில் நடந்துகொண்டிருந்தபோது, உறைப்பாகச் சொல்ல வைத்திருந்த நாலு வார்த்தையையும் யோசித்துப் பார்த்தேன். ஒன்றைக்கூட நான் சொல்லியிருக்கவில்லை.

இப்போது இதற்கெல்லாம் படித்தவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு எங்களிடம் இரண்டு சொல்தான் இருந்தது: கவலைக்கு யோசினை, பைத்தியத்துக்கு விசர். அத்தானுக்குக் குணமாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். பிறகு வந்த கார்த்திகையிலும் மழை தொடங்கினால் அந்த வரம்படிக்குப் போய் நிற்பார். சிவபாதமண்ணை தன் பக்கத்தில் வந்து நின்று, "குணம், வெட்டப்போறியோ, அடைக்கப்போறியோ, சொல்லிப்போட்டுச் செய்," என்பாராம். இருவரும் நனைந்துகொண்டு சிரிப்பார்களாம். தொண்ணூற்றைந்து ஐப்பசியில் இராணுவம் நெருங்கி, வலிகாமமே ஊரைவிட்டு எழும்பி நடந்தபோது அந்தக் கிணற்றின் முறை எல்லாருக்கும் அறுந்தது. அது வேறு கதை, வேறு வகை அழிவு. ஆனால் எனக்கு அந்த நாட்களில் திரும்பப் போக ஒரு இடம் கிடைக்குமென்றால், அந்தக் காலை ஏழு மணியைத்தான் கேட்பேன். மெஷின் சத்தம், மண்ணெண்ணெய் மணம், ஈரச் சாம்பல் மண்ணில் இறங்கும் வெயில், வாய் திறக்காமல் நின்ற நான்.

போகிறவர்களுக்கு: தை, மாசியில் போங்கள். பருத்தித்துறையிலிருந்து புறப்பட்டால் காற்று உங்கள் பக்கம். திரும்புவதற்கு யாழ்ப்பாணம் போய் பஸ் பிடியுங்கள், சைக்கிளைக் கூரையில் ஏற்ற முடியுமா என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள். வல்லை வெளியை வெயில் ஏற முன் கடந்துவிட வேண்டும். தண்ணீர் போத்தல் இரண்டு, ஒட்டுச் சாமான் கட்டாயம். சித்தங்கேணியிலிருந்து வழுக்கையாற்றுப் பக்கம் போகிற ஒழுங்கைகள் மாரியில் சேறு, செருப்பைக் கழற்றிவிடுங்கள். தோட்டத்துக்குள் வரம்பால் நடந்து போங்கள், பாத்தியை மிதிக்காதீர்கள். வெள்ளமோ புயலோ அடித்துப்போன வீட்டுக்குப் போனால் எவ்வளவு நட்டம் என்று கேட்காதீர்கள். அதைக் கேட்க வேறு ஆட்கள் பேப்பரோடு வருவார்கள். ஏன் இன்னும் நடவில்லை என்றும் கேட்காதீர்கள். தருகிற வேலையைச் செய்யுங்கள். உங்களுக்கு விளங்காத வேலை நடந்தால், மண்வெட்டியைத் தொடாதீர்கள்.

நட்ட வெங்காயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நன்றாக வரவில்லை. பிந்தி நட்டதால் காய் சிறுத்துவிட்டது என்று சித்திரைக் கடைசியில் அக்கா எழுதியிருந்தாள். விலை நல்ல விலை. சந்தைக்குக் கொண்டுபோகச் சொல்லி அவளும் சொன்னாளாம், சிவபாதமண்ணையும் சொன்னாராம். அத்தான் ஒரு பிடிகூட விற்கவில்லை. பத்தொன்பது பாத்தி வெங்காயத்தையும் விதைக்கென்று கட்டி, கொட்டில் வளையில் தூக்கிவிட்டார். வளை பாரத்தில் வளைந்துபோய்விட்டது, கீழே ஒரு முட்டுக் கொடுத்திருக்கிறோம், என்று முடித்திருந்தாள்.